காரணம் கூறுக: உப்பளத்துப் பிள்ளைகளும் அறிவியல் வினாக்களும்

வினவுதல் என்னும் செயலைத் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் எளிதாகக் கருதிவிடவில்லை. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்தினார். விடை அறிந்த ஆசிரியர் மாணாக்கனின் அறிவை அளந்து பார்க்கக் கேட்பது அறிவினா. அறியாத மாணாக்கன் அறிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியாவினா. கயிறோ பாம்போ என மயங்கிக் கேட்பது ஐயவினா. இவ்விலக்கணத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவரும் நாம், நடுநிலைப் பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் 'காரணம் கூறுக' என்னும் தலைப்பின்கீழ்க் கேட்கப்பெறும் வினாக்கள் இவ்வாறனுள் எவ்வகையைச் சார்ந்தவை என ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணச் செய்தது ஒரு கோழிமுட்டை.

மரக்காணம் வட்டாரத்துப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணாக்கருக்கெனச் சிந்தனை வினா விடைகளைத் தொகுத்துச் சிறு நூலாக்க விரும்பினார். தொகுத்த கைப்படியை மொழிப்பிழை நீக்கித் தருமாறு நம்மிடம் அளித்தார். மாணாக்கரின் விடைத்தாள்கள் சிலவும் அத்துடன் இருந்தன. வினாக்களுள் ஒன்று இது: "கிணற்று நீரில் மூழ்கும் கோழிமுட்டை கடல்நீரில் மிதக்கின்றது. காரணம் கூறுக." கடல்நீரின் அடர்த்தி மிகுதியாதலின் முட்டை மிதக்கின்றது என்று ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் எழுதி முழு மதிப்பெண் பெற்றிருந்தனர். ஒரு பிள்ளை மட்டும், "கடல் தண்ணீரில் முட்டை மிதக்காது. பாத்தித் தண்ணீரில்தான் மிதக்கும்" என்று எழுதியிருந்தது. தாயும் தந்தையும் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. அவ்விடையின்மேல் சிவப்பு மையால் குறுக்குக் கோடு, மதிப்பெண் சுழி.

உண்மையைச் சொன்னால் நாமும் அவ்விடையைப் பிழையென்றே கருதினோம். உப்பு நீரில் முட்டை மிதக்கும் என்பது நாம் இளமையிலேயே மனனம் செய்த செய்தியன்றோ! ஆயினும் 'பாத்தித் தண்ணீரில்தான்' என்பதிலுள்ள தேற்றப்பொருள் நம்மை உறுத்தியது. 'தான்' என்னும் அவ்விடைச்சொல்லை ஒரு பிள்ளை காரணமின்றி இட்டிருக்க இயலாது. எனவே ஒரு விடுமுறை நாளில் நண்பரும் நாமுமாக, கடையில் அன்று வந்த முட்டைகள் இரண்டை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குச் சென்றோம். அலையோரத்தில் முகந்த நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி முட்டையை இட்டோம், மூழ்கியது. மற்றொன்றை இட்டோம், அதுவும் மூழ்கியது. பிறகு உப்பளத்திற்குச் சென்று, உப்புப் பூக்கத் தொடங்கியிருந்த பாத்தியின் நீரில் இட்டபோது, முட்டை தன் உடலில் ஒரு பகுதி வெளியே தெரிய மிதந்தது. நண்பர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அப்பிள்ளையின் விடைத்தாளைத் திரும்ப வாங்கித் திருத்தினார்.

இதன் கணக்கு மிக எளியது. ஒரு லிட்டர் நன்னீரின் நிறை ஒரு கிலோகிராம் எனக் கொண்டால், அதே அளவு கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1.025 கிலோகிராம். புதிய முட்டையின் அடர்த்தியோ ஏறத்தாழ 1.08. ஆதலின் கடல்நீர் கிணற்று நீரினும் கனமானது என்பது மெய். ஆனால் முட்டையினும் கனமானது என்பது மெய்யன்று. உப்புப் பூக்கும் நிலையிலுள்ள பாத்தி நீரின் அடர்த்தி 1.2 அளவு இருப்பதால் அங்கே முட்டை மிதக்கின்றது. வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணாக்கர், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 120 கிராம் உப்பைக் கரைத்தல் வேண்டும். கடலில் இருப்பதோ லிட்டருக்கு 35 கிராம் மட்டுமே.

இன்னுமோர் ஐயம் எழக்கூடும். கடல்நீரில் முட்டை மிதந்ததைத் தம் கண்ணால் கண்டதாகச் சொல்லும் பெரியோரும் உளர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் இட்டது பழைய முட்டையாக இருக்கலாம். ஓட்டிலுள்ள நுண்துளைகளின் வழியே நாள்தோறும் முட்டையின் நீர் ஆவியாகி வெளியேற, உள்ளிருக்கும் காற்றறை பெரிதாகின்றது. பருமன் மாறாமல் நிறை குறைவதால் அடர்த்தியும் குறைகின்றது. மிகப் பழைய முட்டை கிணற்று நீரிலேயே மிதக்கும். நம் இல்லங்களில் அன்னையர் முட்டையை நீரிலிட்டு நல்லதா கெட்டதா என்று பார்ப்பது இதனாலேயே. ஆகவே, எந்த நீர் என்று மட்டுமன்றி, எந்த முட்டை என்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

ஏதுவும் போலியும்

இவ்விடத்தில் தமிழ் மாணாக்கர் நினைவுகூரத்தக்க ஒரு செய்தி உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை அறிவுறுத்துகின்றார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகள் அங்கே விளக்கப்படுகின்றன. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அத்துடன் நில்லாமல், ஏதுவைப் போலத் தோன்றி ஏது ஆகாதவற்றையும் அக்காதை நெடுக ஆராய்கின்றது. தேர்வுக்குப் படிக்கும் மாணாக்கர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் பகுதி அது. வகுப்பில் நாமும் விரைந்து கடந்ததுண்டு.

முட்டை வினாவை அந்நெறியில் நிறுத்திப் பார்ப்போம். கடல்நீரில் முட்டை மிதக்கும் என்பது பக்கம். கடல்நீர் அடர்த்தி மிக்கது ஆதலால் என்பது ஏது. எதனினும் அடர்த்தி மிக்கது? கிணற்று நீரினும் மிக்கது. முட்டை மிதக்க வேண்டுமாயின் அது முட்டையினும் மிக்கதாதல் வேண்டும். கூறப்பட்ட காரணம் தன்னளவில் உண்மையே. ஆனால் நிறுவ வந்த பொருளை அது நிறுவவில்லை. வகுப்பு முழுவதும் எழுதி மதிப்பெண் பெற்றது போலியான ஏது. சுழி பெற்ற பிள்ளையிடம் ஏது இல்லை, திட்டாந்தம் மட்டும் இருந்தது. ஆனால் அது கண்ணாற் கண்ட திட்டாந்தம்.

உப்பு எதனால் விளைகிறது?

நண்பரின் கைப்படியில் உப்பைப் பற்றிய வினாக்கள் மூன்று இருந்தன. மரக்காணத்துப் பிள்ளைகளிடம் கேட்க மூன்று போதுமா என்று நாம் வியந்தோம். சென்னையிலிருந்து புதுவை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவுறும் நிலப்பகுதியில், சாலையின் அருகே வெள்ளைக் குவியல்களாக உப்பு நிற்பதைக் காணாதவர் இலர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று அறிஞர் கருதுவர். நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற காட்சி சங்கப் பாடல்களில் பலவிடத்தும் உண்டு. அத்துணைப் பழமையான தொழில், அத்தொழில் செய்வோரின் பிள்ளைகள் பயிலும் நூலில் மூன்று வினாக்களில் அடங்கியிருந்தது.

"உப்பளங்களில் உப்பு எவ்வாறு பெறப்படுகிறது?" என்பது முதல் வினா. "சூரிய வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி உப்புப் படிகின்றது" என்பது விடை. பிழையில்லை. ஆயினும் இவ்விடையை மட்டும் கற்ற ஒருவர் உப்பளம் நடத்தப் புகுவாராயின் கசக்கும் உப்பையே எடுப்பார். கடல்நீரை ஒரே பாத்தியில் நிறுத்தி முற்றும் வற்றச் செய்தால் கிடைப்பது உணவு உப்பு மட்டுமன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள 35 கிராமில் ஏறத்தாழ 27 கிராமே சோடியம் குளோரைடு. எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புகள். நீர் வற்ற வற்ற, கரைதிறன் குறைந்த ஜிப்சம் முதலில் படிகின்றது. அதன்பின் உணவு உப்பு. மக்னீசிய உப்புகள் இறுதிவரை நீரிலேயே நிற்கின்றன. இதனாலேயே உப்பளத்தார் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி நகர்த்துகின்றனர். முதற் பாத்திகளில் ஜிப்சம் தங்கிவிட, முதிர்ந்த நீர் உப்புப் பாத்திக்கு வருகின்றது. அங்கே உப்பை வாரி எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுகின்றனர். வேதியியலார் ஆய்வகத்தில் செய்யும் பகுத்துப் படியச் செய்தலை, எழுத்தறியாத உழைப்பாளர் நீரின் நிறமும் பிசுபிசுப்பும் கண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கின்றனர்.

கணக்கில் விருப்பமுள்ள மாணாக்கர்க்கு இங்கே நல்ல வேலை உண்டு. 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பே கரையும். அவ்வாறாயின் 27 கிராம் உப்பைத் தாங்கி நிற்க 75 கிராம் நீர் போதும். ஒரு லிட்டர் நீர் அந்த அளவுக்குக் குறைந்தாலன்றி உப்புப் படியாது. உடனிருக்கும் பிற உப்புகளும் நீரைப் பங்கிட்டுக் கொள்வதால் சற்று முன்னரே, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றும்போதே படிதல் தொடங்குகின்றது. பத்துக் குடம் கடல்நீரில் ஒன்பது குடம் வானுக்குப் போன பிறகே முதற் படிகம் தோன்றுகின்றது. தை, மாசியில் வேலை தொடங்கி, ஐப்பசி மழைக்கு அஞ்சி விரையும் உப்பளத்தாரின் பதற்றம் இக்கணக்கில் தெரியும். ஒரு நாள் பெருமழை, பல நாள் வெயிலின் உழைப்பை அழித்துவிடும்.

அடுத்தது நாம் நண்பரிடம் சொல்லிச் சேர்த்த வினா: "இரண்டு நாட்களிலும் வெயில் ஒன்றே. ஒரு நாள் மேல்காற்று வீசுகிறது. மற்றொரு நாள் காற்றின்றிப் புழுங்குகிறது. எந்த நாளில் உப்பு மிகுதியாக விளையும்?" வெப்பத்தால் நீர் ஆவியாகிறது என்று மட்டும் மனனம் செய்த பிள்ளை இரண்டு நாளும் ஒன்றே என்று எழுதும். உப்பளத்துப் பிள்ளையோ மேல்காற்று என்று எழுதும். ஆவியாதல் வெயிலின் செயல் மட்டுமன்று. நீர்ப்பரப்பின்மேல் நிற்கும் காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் மேலும் ஈரத்தை அது ஏற்பதில்லை. நிலத்தின் மேலாக வரும் உலர்ந்த மேல்காற்று அந்த ஈரக்காற்றை அகற்றி இடம் தருகின்றது. புழுக்கமான நாளில் நம் வியர்வை உலராமல் வழிவதும், ஈரத்துணி மாலைவரை காயாமல் கிடப்பதும் இதனாலேயே. ஒரே காரணம் மூன்று இடங்களில் தொழிற்படுவதைத் தானே கண்டுகொள்ளும் பிள்ளைக்கு மனனம் தேவைப்படாது.

மழைக்காலத்தில் சாடியிலுள்ள உப்பு நீர்த்துப்போவது ஏன் என்பது பழைய வினா. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பது வழக்கமான விடை. அருகருகே இரண்டு சாடி வைத்தால் ஒன்று நீர்த்தும் மற்றொன்று நீர்க்காமலும் இருப்பது ஏன் என்று கேட்டால் அவ்விடை நின்றுவிடும். தூய உணவு உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால்தான் ஈரத்தை ஏற்று நீர்க்கும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீர்க்கத் தொடங்கிவிடும். கசப்பு நீரை நன்கு வடிக்காமல் எடுத்த உப்பே முதலில் கசிகின்றது. சாடியில் நிகழ்வதன் காரணம் பாத்தியில் இருக்கிறது.

சவாலிராமுக்கு எழுதிய பிள்ளைகள்

இவ்வாறெல்லாம் கேட்டால் தேர்வு எவ்வாறு நடத்துவது என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நடத்திக் காட்டியிருக்கின்றனர். மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1978-இல் அது மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா என்னும் அமைப்பு அதனைத் தொடர்ந்து வளர்த்தது. பிள்ளைகள் சோதனை செய்து, கண்டதை எழுதி, அதிலிருந்து முடிவுக்கு வந்தனர். தேர்வுக்குப் பாடநூலை உடன்கொண்டு செல்லலாம்; நூலைப் பார்த்தெழுதக்கூடிய வினா கேட்கப்பட்டாலன்றோ அதற்குத் தடை வேண்டும்! சவாலிராம் என்னும் கற்பனை மனிதர் ஒருவரையும் அத்திட்டத்தார் படைத்திருந்தனர். பிள்ளைகள் தமக்குத் தோன்றிய வினாக்களை அவருக்கு மடலாக எழுதலாம். விடை மடல் வரும். நன்னூலார் கூறிய அறியாவினாவுக்கு ஒரு முகவரி கிடைத்தது போன்ற ஏற்பாடு. 2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த ஒன்றை நடக்க இயலாதது என்று கூறுதல் தகாது என்பது நம் கருத்து.

நம் மாநிலத்திலும் 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் வெளியிட்டுவரும் 'துளிர்' இதழின் வாயிலாகச் சிறுவர்க்கு அறிவியலை எளிய தமிழில் வழங்கியுள்ளது. நம் கல்லூரி மாணாக்கருள் சிலர் அவ்விதழைப் படித்து வளர்ந்தவர்களே.

நகராத ஆடி

மரக்காணத்திலிருந்து தெற்கே அதே சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற அக்குடியிருப்பு, மழைநீர் அரித்துப் பள்ளங்களாகக் கிடந்த செம்மண் மேட்டில் மரம் வளர்த்து நிழலாக்கிய வரலாற்றைப் பலரும் அறிவர். நம் பொருளுக்கு வேண்டுவது அங்குள்ள சூரிய சமையற்கூடம். உப்பளத்தில் நீரை வற்றச் செய்யும் அதே வெயிலைக் கொண்டு நீராவி உண்டாக்கி, நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் நோக்குடன் 1997-இல் அது இயங்கத் தொடங்கியது. அதன் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவ ஆடி அமைக்கப்பெற்றது. அந்த ஆடி கதிரவனைப் பின்தொடர்ந்து திரும்புவதில்லை, கட்டடத்தோடு நிலைத்தது. அவ்வாறாயின் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் வெவ்வேறு திசையிலிருந்து வரும் வெயிலை அது எவ்வாறு திரட்டும்?

நடுநிலை வகுப்பிற்கு இது கடினமான வினாவென்று கருதவேண்டா. கிண்ணம் ஒரு கோளத்தின் பகுதி. கோளம் எத்திசையிலிருந்து நோக்கினும் ஒரே வடிவுடையது. ஆதலின் கதிரவன் எங்கிருப்பினும், அதற்கு நேரான கிண்ணப் பகுதி கதிர்களைத் திருப்பி அனுப்பும். ஆனால் அவை ஒரு புள்ளியில் குவிவதில்லை. கதிரவனையும் கோளத்தின் மையத்தையும் இணைக்கும் கோட்டின்மேல் நீளவாக்கில் விழுகின்றன. ஆகவே நீர் செல்லும் நீண்ட கொதிகுழலைத் தாங்கிய கை மட்டும் கதிரவனுக்கேற்பத் திரும்பினால் போதும். மாபெரும் ஆடியைத் திருப்புவதினும் ஒரு கையைத் திருப்புவது எளிதன்றோ!

கோள ஆடி கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பதில்லை என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். எரிக்கும் கோள ஆடிகளைப் பற்றித் தனியே ஒரு நூலும், பரவளைய ஆடிகளைப் பற்றித் தனியே ஒரு நூலும் அவர் இயற்றினார். தாலமியின் கருத்துகளில் தமக்கெழுந்த ஐயங்களை ஒரு நூலாகவே எழுதியவரும் அவரே. பெரியோர் எழுதியதென்பதால் ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல் ஐயவினா எழுப்பிய அப்பேரறிஞரின் பெயர், நம் பிள்ளைகளுக்குப் பெருமைக்குரிய ஒரு பெயராக மட்டும் சொல்லப்படுகிறது. அவர் செய்தது என்ன என்று சொல்லப்படுவதில்லை.

அவர் கண்டதைக் காண ஆரோவிலுக்கும் செல்ல வேண்டா. காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையில் ஓர் எவர்சில்வர் குவளையில் பாலோ தேநீரோ வைத்துப் பாருங்கள். குவளையின் உட்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி, பாலின் மேற்பரப்பில் நடுவே கூர்த்த இரு வளைகோடுகளாகத் தெரியும். வட்டச் சுவர் ஒளியை ஒரு புள்ளியில் சேர்க்குமாயின் அங்கே ஒரு பொட்டு மட்டும் அல்லவா தெரிதல் வேண்டும்?

மீண்டும் கைப்படிக்கு வருவோம். நாம் செய்த திருத்தங்களுள் ஒற்றுப்பிழை நீக்கியவை சிலவே. வினாவின் வடிவை மாற்றியவையே மிகுதி. "முட்டை கடல்நீரில் மிதக்கின்றது. காரணம் கூறுக" என்னும் வினா முடிவைத் தானே அறிவித்துவிட்டுப் பிள்ளையிடம் காரணத்தை மட்டும் கேட்கிறது. அறிவித்த முடிவு தவறாயினும், பிள்ளை அதற்கொரு காரணத்தைத் தேடித் தந்தே ஆகவேண்டும். அதனை, "கிணற்று நீர், கடல்நீர், பாத்தி நீர் ஆகிய மூன்றில் எதனில் முட்டை மிதக்கும்? முதலில் உன் கருத்தை எழுது. பின்பு செய்து பார்த்து எழுது. இரண்டும் வேறுபட்டால் அதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம்?" என்று மாற்றினோம். நீளம் மிகுந்துவிட்டதென நண்பர் முதலில் தயங்கிப் பின்னர் இசைந்தார்.

நூல் அச்சுக்குச் செல்லுமுன் அப்பிள்ளையை நேரிற் கண்டோம். மதிப்பெண் திருத்தப்பட்டதைப் பற்றி அது பெரிதாக எண்ணியதாகத் தோன்றவில்லை. "சார், மழை பெஞ்ச மறுநாள், பாத்திக்குத் தண்ணி பாயற குழியில முட்டை போட்டா மேலயும் வராது, அடியிலயும் போகாது. நடுவுலயே நிக்கும். அது ஏன் சார்?" என்று கேட்டது. நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் நண்பரைப் பார்த்தோம். வீட்டிற்கு வந்து, கண்ணாடிக் குவளையில் பாதியளவு மிகுந்த உப்புநீர் ஊற்றி, அதன்மேல் கரண்டி வழியே நன்னீரை மெல்ல வழியவிட்டு முட்டையை இட்டபோது, அது நடுவிலேயே நின்றது. அவ்வினாவைப் பிள்ளையின் சொற்களிலேயே நூலின் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். விடை அச்சிடவில்லை. எழுதிப் பார்ப்பதற்கென அப்பக்கத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.